குப்புறப் படுத்துப் பார்த்த தொடர்

— தலையைத் தூக்காதீங்க. தூக்கினா டிவியை அணைச்சிடுவேன்.

— தூக்கலை. கழுத்து வலிக்குது, லேசா அசைச்சேன்.

— அசைக்கவும் கூடாது. ஆபரேஷன் பண்ணி, கண்ணுக்குள்ள காத்தடைச்சு அனுப்பியிருக்காங்க. குப்புறப் படுத்தாத்தான் அந்தக் குமிழி கிழிஞ்ச இடத்தை அமுக்கிப் பிடிக்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. அது ஒட்டலைன்னா பஸ் ஓட்டறதை மறந்துட வேண்டியதுதான்.

— தெரியுதும்மா. இத்தனை வருஷம் கழிச்சு நம்ம விண்கப்பல் தொடர் திரும்ப வருது, நான் தரையைப் பாத்துட்டுக் கெடக்கறேன். என் தலையெழுத்து.

— அதான் தைக்கற வேலையை ஓரங்கட்டிட்டு உங்க கண்ணா நான் உட்காந்திருக்கேன்ல. நடக்கறதை எல்லாம் சொல்றேன்.

— ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பழைய கேப்டன் இல்லாம எடுத்திருந்தாங்கன்னா, எழுந்து உட்காந்து போன்ல நல்லா திட்டி எழுதாம விடமாட்டேன். டாக்டர் இல்ல, டாக்டரோட அப்பாவே வந்து கையைப் பிடிச்சாலும் சரி.

— அப்படி என்ன அவருகிட்ட?

— இப்ப வர்ற புதுசுல எல்லாம் நட்சத்திரத்தை வெடிக்க வெச்சே பொழுதை ஓட்டறாங்க. நம்மாளு குழாய் ஒழுகினாலும் தானே இறங்கி அடைப்பாரு. ஏறின ஒருத்தரைக் கூட நடுவுல விட்டுட்டுப் போனதில்லை. அவரைப் பாத்துத்தான் நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன்.

— ஆரம்பிச்சிடுச்சு. சும்மா கெடங்க.

— என்ன தெரியுது?

— இருட்டு. நட்சத்திரம். இப்ப கப்பல் வருது. இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு.

— பழசும் அப்படித்தான். பரவால்ல, அதுல கை வைக்கலை. உள்ள?

— எல்லாருக்கும் புது யூனிஃபார்ம். அக்குள்ல இழுக்குது. இவ்வளவு காசைக் கொட்டினவங்க தைக்கத் தெரிஞ்ச ஆளா பாத்து வெச்சிருக்கக் கூடாதா?

— தையலை விடு. கேப்டன் இருக்காரா?

— இருக்காரு.

— நெஜமா?

— ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரு. முடி நல்லா நரைச்சுப் போச்சு.

— இடது கை?

— கருப்பு உறை போட்டிருக்காரு. அந்தக் கை துண்டான எபிசோடு அன்னைக்கு நீங்க சாப்பிடவே இல்லையே, எனக்கு மறக்குமா?

— ஒரு பொண்ணு குரல் கேக்குதே, யாரு அது? எல்லாருக்கும் உத்தரவு போடறா.

— உதவிக்கு இருக்கறவ. இவரு மெதுவா சொல்றாரு, அவ சத்தமா சொல்றா.

— ‘சரி கேப்டன்’னு அவளுக்குல்ல பதில் சொல்றாங்க?

— அவளுக்குப் பின்னாடி நிக்கிறவரைப் பாத்துச் சொல்றாங்க. குறுக்கக் குறுக்கக் கேள்வி கேட்டா நான் எதைத்தான் பாக்கறது?

— ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரே.

— நீங்க மட்டும் வேலை முடிஞ்சு வந்ததும் கொட்டிடறீங்களாக்கும். நாள் பூரா வண்டி ஓட்டின மனுஷன் எப்படி நிப்பாரோ, அப்படி நிக்கிறாரு.

— அதுவும் சரிதான்.

— கதவைத் தட்டறாங்க. துணி வாங்க வந்திருப்பாங்க. கொடுத்துட்டு வந்துடறேன், தலை அங்கேயே இருக்கணும்.

— நீ போ. நான் எங்க போயிடப் போறேன்.

— வந்துட்டேன். எழுந்து பாத்தீங்களா?

— இல்ல.

— என் மேல சத்தியமா?

— உன் மேல சத்தியமா. என்னமோ பெருசா மோதின சத்தம் கேட்டுச்சு. கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே?

— ஆகலை. அந்தப் பொண்ணு விழுந்து கெடக்கா. அவரு தூக்கி விடறாரு.

— தூக்குவாரு. அதான் அவரு.

— அவ்வளவுதான், பேர் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஏங்க, தலையணை ஈரமா இருக்கே. கண்ணு எரியுதா?

— இல்ல. நல்லா இருந்துச்சு, அதான்.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிட்டு எழுந்துடக் கூடாது.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவரு இதுல நடிக்கலைன்னு ஆறு மாசம் முன்னாடியே அறிவிச்சிட்டாங்க, திட்டி எழுதத்தான் காத்துட்டிருந்தேன். நீ அடுத்த எபிசோடைப் போடு, நம்ம கேப்டனை எப்ப பேச வைக்கப் போறன்னு கேக்கறேன்.