மாப்பிள்ளை பக்கத்து வெளிச்சம்

ஹலோ... ஹலோ, சம்பந்தியா? நான்தாங்க, பொண்ணோட பெரியப்பா... ஆமா, ஆமா, நீங்க கோபமா இருக்கீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம், முதல்ல இங்க யார் யார் இருக்கோம்னு சொல்லிடறேன். மறைவுல உக்காந்து பேசினாங்கன்னு நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது. என் தம்பி இருக்கான், பொண்ணைப் பெத்தவன். தம்பி பொண்டாட்டி இருக்கா. போட்டோ எடுத்த அம்மா இருக்காங்க. மேடையில லைட்டு ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, அவங்க வீட்டுக்காரர், அவரும் இருக்கார். என்னோட சேத்து அஞ்சு பேரு...

ஸ்பீக்கர்ல போடறதா? அதெல்லாம் வேண்டாங்க. எங்க வீட்ல ஒருத்தர் பேசினா எல்லாரும் பேசின மாதிரி.

...

பாத்தேங்க. நீங்க வட்டம் போட்டு அனுப்பின பதினேழு போட்டோவையும் பாத்தேன். கண்ணாடி போட்டும் பாத்தேன், கழட்டியும் பாத்தேன். எங்க ஆளுங்க நிக்கிற பக்கம் பளிச்சுன்னு இருக்கு. உங்க ஆளுங்க கிணத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்காங்க. இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே...

ஆமா. உங்க அக்கா முகமே தெரியல. காதுத் தோடு மட்டும் மினுங்குது. ஆமாங்க, தெரியும்... மாப்பிள்ளையை, தாயில்லாப் பிள்ளையை, இடுப்புல வெச்சு வளத்தவங்க. அவங்க முகம் மட்டும் கல்யாணப் போட்டோவுல இருட்டுன்னா யாருக்குத்தான் மனசு ஆறும்? அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்க சொல்ல விட்டாத்தானே...

என்னது? இன்னொரு தரம் சொல்லுங்க.

...

எங்க பக்கம் மட்டும் வெளிச்சம் அடிக்கச் சொல்லி நாங்களே சொல்லி வெச்சோமா? யாரு சொன்னது?... எல்லாரும்னா? எல்லாருக்கும் சேத்து ஒரே வாயா?... சம்பந்தி, ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தப் பேச்சு ஊர்ல நடக்கல. உங்க வீட்டுக் கூடத்துல நடக்குது. எங்க குழந்தை அடுத்த ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கா. மூணு நாளாச்சு, உங்க அக்கா அவகிட்ட ஒரு வார்த்தை பேசலையாமே?... இல்ல, அவ சொல்லல. அவ எங்களுக்குப் போனே பண்ணல. தினம் நாலு தரம் கூப்பிடற பொண்ணு கூப்பிடலைன்னா எங்களுக்குப் புரியாதா?

டேய், நீ கொஞ்சம் சும்மா இரு, நான் பேசிக்கிட்டுதானே இருக்கேன்... இல்லைங்க, உங்களைச் சொல்லல, தம்பியைச் சொன்னேன். பெத்தவன் இல்லையா, தாங்கல. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் எத்தனையோ கல்யாணம் பண்ணியிருக்கோம். வந்தவங்களை ஓரமா நிக்க வெச்சோம்னு ஒரு குருவி கூடச் சொன்னது இல்ல...

காரணம் என்னன்னா? அதைக் கேக்கத்தான் இவங்களை வரச் சொன்னேன். இருங்க, கேட்டுச் சொல்றேன். சொல்லுங்கம்மா, சம்பந்தி லைன்ல இருக்கார், மென்னு முழுங்காமச் சொல்லுங்க.

...

மேடைக்கு ரெண்டு ஃபிளாஷாம். எங்க பக்கம் ஒண்ணு, உங்க பக்கம் ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நாலு பேட்டரிச் செல்லு. சார்ஜ் ஏத்தற செல்லுங்க. நாலும் ஒண்ணாவே ஏத்தி, ஒண்ணாவே போடணுமாம். ஒண்ணு சோந்தா மத்த மூணையும் இழுத்துக்கிட்டுப் போயிடுமாம்... ஆமா, கூட்டுக் குடும்பம் மாதிரிதான். நல்லாச் சொன்னீங்க. குத்திக் காட்டினீங்களோ?... சரி, சரி, விடுங்க.

மொத்தம் நாலு செட்டு கொண்டு வந்தாங்க. ரெண்டு ஃபிளாஷுக்குள்ள. ஒண்ணு பையில. நாலாவது செட்டு, முந்தின நாள் வேற கல்யாணமாம், வீட்ல ஏத்த நேரம் இல்லாம ஹாலுக்கு வந்து சார்ஜர்ல போட்டிருக்காங்க. மத்தியானம் ரெண்டு பக்கமும் செல்லு மாத்தினப்போ பையில இருந்தது எங்க பக்கம் போயிடுச்சு. சார்ஜர்ல இருந்தது உங்க பக்கம் போயிடுச்சு. கைக்கு எது வந்துச்சோ அதைப் போட்டாராம் அவங்க வீட்டுக்காரர். திட்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல...

அதேதான் நானும் கேக்கறேன்! ஏம்மா, ஒரு பக்கம் இருட்டா விழுதுன்னா கேமராவுல தெரியாதா? அப்பவே நிறுத்த வேண்டியதுதானே? தொழில் பண்றவங்க பண்ற வேலையா இது? உங்களை நம்பி...

...

என்ன?

...

நானா? நான் எங்கம்மா சொன்னேன்?

... ம். ம்.

சம்பந்தி, இந்தம்மா சொல்றாங்க, ஃபிளாஷ் மேல ஒரு சிவப்புப் பொட்டு எரிஞ்சாத்தான் அது தயார்னு அர்த்தமாம். செல்லு நல்லா இருந்தா ரெண்டு நொடியில எரியும், சோந்துட்டா பதினஞ்சு நொடி ஆகும். அந்தப் பதினஞ்சு நொடி பொறுங்க, பொறுங்கன்னு இவங்க கையைக் காட்டியிருக்காங்க. மேடை ஓரத்துல ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு, சீக்கிரம், சீக்கிரம், அடுத்தவங்க ஏறுங்கன்னு விரட்டினாராம்... ஆமா. நான்தான் அந்தப் பெரியவர். வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு, வேற என்னங்க பண்றது? விரட்டினது வாஸ்தவம். ஆனா ரெண்டு வீட்டு ஆளுங்களையும் சமமாத்தான் விரட்டினேன். அதுல ஓரவஞ்சனை கிடையாது...

கடையில போயி வேற செல்லு வாங்கியிருக்கலாமேன்னு கேக்கறார்மா... வாங்கினாங்களாம். இவங்க வீட்டுக்காரர்தான் ஓடியிருக்கார். சுவர்க் கடிகாரத்துக்குப் போடற சாதாரணச் செல்லுதான் கிடைச்சுதாம். அது பத்து தரம் அடிச்சதும் மூச்சு வாங்குது. உங்க அக்கா மேடைக்கு வந்தது சரியா அந்த நேரம். உங்க ஊர் பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவங்களும் அவசரப்பட்டாங்க... இல்லைங்க, பழியை அவங்க மேல போடல! நான் எங்க போட்டேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னா... சரி, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன்.

... ஆமா. ஆமா. அது நியாயமான கேள்வி.

அம்மா, காலையிலேயே சார்ஜர்ல போட்டேன்னு சொன்னீங்க. மத்தியானம் வரைக்கும் ஏன் ஏறல? சார்ஜர் கெட்டுப் போச்சா?

...

பிளக்கு பிடுங்கிக் கிடந்துச்சா!

கேட்டீங்களா சம்பந்தி? கேட்டீங்களா? பிளக்கை யாரோ பிடுங்கிப் போட்டிருக்காங்க! இதுதான் விஷயம். வாங்க வழிக்கு! துணி மாத்தற ரூம்ல... இல்ல, உங்க ஆளுங்களைச் சொல்லல. யாரா இருந்தா என்ன? எங்க வீட்டு ஆளாவே இருக்கட்டும். என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் பிடிச்சுக்கிட்டு வந்து உங்க அக்கா முன்னாடி நிறுத்தறேன். அறிவு வேண்டாமா? அடுத்தவங்க மாட்டி வெச்ச பிளக்கைப் பிடுங்கறப்போ இது யாருது, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணாதா? நம்ம குடும்ப மானத்தையே ஒரு சுவிட்சுல...

எதை மாட்டறதுக்காம்மா பிடுங்கினாங்க?

... இஸ்திரிப் பெட்டியா?

...

இருங்க சம்பந்தி.

என்ன, எல்லாரும் தரையைப் பாக்கறீங்க? ஏம்மா, உன் பொண்ணோட நீ அந்த ரூம்லதானே இருந்தே? யாருன்னு சொல்லு. பயப்படாமச் சொல்லு...

எந்தப் பிளக்கு? கண்ணாடிக்குப் பின்னாடி இருந்துச்சே, பச்சையாச் சின்னதா ஒரு லைட்டு... அது செல்போன் சார்ஜர் இல்லையா?

...

ஹலோ, சம்பந்தி, லைன்லயே இருங்க. கட் பண்ணிடாதீங்க.

உங்க எல்லாருக்கும் தெரியுமா? மூணு நாளாவா? நாலு பேரும் தெரிஞ்சுக்கிட்டு, நான் ஊரையே திட்டறதை வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஏன் சொல்லல?... நான் கத்துவேன்னா? நான் எப்போடா கத்தினேன்!

...

சரி. சரி. மெதுவாவே பேசறேன்.

ஹலோ... இல்ல, கட் ஆகல. ஆள் கிடைச்சாச்சு... எங்க ஆளுதான். நான்தாங்க... நான்தான்னா நான்தான். வேற எப்படிச் சொல்றது? சட்டை கசங்கியிருந்துச்சு. ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதுல இருந்ததைப் பிடுங்கிட்டு இஸ்திரி போட்டேன். திரும்ப மாட்டணும்னு தோணல...

சிரிக்காதீங்க. மல்லாந்து படுத்துக்கிட்டு எச்சில் துப்பின கதைதான், ஒத்துக்கறேன். ஆனா சிரிக்காதீங்க... விட்டுடறதாவது? அதெப்படி விடறது? நீங்க விடலாம், நான் விட முடியாது. உங்க அக்காவைக் கூப்பிடுங்க... வர மாட்டாங்கன்னா போனை அவங்க காதுகிட்ட கொண்டு போங்க. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வெச்சுடறேன்.

...

...

அம்மா, வணக்கம். பொண்ணோட பெரியப்பா பேசறேன்... நீங்க பேச வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும். மேடையில உங்க பக்கம் இருட்டானதுக்கு உங்க மருமக காரணம் இல்ல. என் தம்பி காரணம் இல்ல. போட்டோக்காரம்மா மேலயும் பெரிசாத் தப்பு இல்ல. அவங்க செல்லு ஏத்திக்கிட்டிருந்த பிளக்கை நான் பிடுங்கிட்டேன். அவங்க பொறுங்கன்னு சொன்னதையும் நான் கேக்கல. வயசுல பெரியவன், ரெண்டு தப்பையும் நானே பண்ணிட்டு ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுடுங்க.

...

ஹலோ? இருக்கீங்களாம்மா?

...

எதுக்கா? சட்டைக்கு இஸ்திரி போடத்தாங்க... வெள்ளைச் சட்டை. போட்டோவுல நிக்கணுமேன்னு... ஆமாங்க. என் போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரு சுருக்கம் இல்ல.

... சிரிங்க. நீங்க சிரிக்கலாம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போட்டோக்காரம்மா உங்க வீட்டுக்கு வருவாங்க. மாப்பிள்ளை, பொண்ணு, நடுவுல நீங்க. அன்னிக்குப் போட்டிருந்த அதே உடுப்பு. நாலுக்கு எட்டு செட்டா செல்லு ராத்திரியே ஏத்தி... என்னது? ஃபிளாஷே வேண்டாமா? ஜன்னல் பக்கமா உக்காந்துக்கறீங்களா?... போட்டோக்காரம்மா, ஜன்னல் வெளிச்சமே போதும்கறாங்க... சரிங்களாம். ஜன்னல் வெளிச்சம் நல்ல வெளிச்சம்தான், ஆனா ஃபிளாஷைக் கொண்டு வராம இருக்க மாட்டேன்கறாங்க. அவங்களுக்கும் ரோஷம் இருக்கும் இல்லையா... நானா? நானும் வரணுமா?... வர்றேன். ஓரமா உக்காந்துக்கறேன். சுவர்ல இருக்கற எதையும் தொட மாட்டேன்.

குழந்தை எங்கேங்க?... உங்க பக்கத்துலயா?... அழறாளா?... சிரிக்கறாளா? எதுக்கு... ஓஹோ. சிரிக்கட்டும், சிரிக்கட்டும். அவகிட்ட கொடுக்க வேண்டாம், அப்புறம் அவங்க அம்மாகிட்ட பேசச் சொல்லுங்க. இங்க ஒருத்தி போனையே பாத்துக்கிட்டு நிக்கறா.

... ஆமா. ஆமாங்க. ரொம்ப நன்றி.

பின்னாடி யாருங்க பேசறது? சம்பந்தியா? யார்கிட்டப் பேசறார்?... அங்க வந்திருக்கற அவரோட மச்சான்கிட்டயா? என்ன சொல்றார்?... ஹால்ல கரண்ட் போயிடுச்சு, அதான் இருட்டுன்னா? எனக்காகச் சொல்றாரா?... இல்லம்மா. போனை அவர்கிட்ட கொடுங்க.

சம்பந்தி, கரண்ட் போகல. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பிளக்கைப் பிடுங்கினது பொண்ணோட பெரியப்பா. உங்க மச்சான்கிட்ட அப்படியே சொல்லுங்க. வெச்சுடறேன்.