மேசைக்கு அடியில் இருந்தவர்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அருமைப் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் கையில் புத்தகமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சன்னலில் தொற்றியிருக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே, வணக்கம்.

என் மூத்த பேத்தி மருத்துவர். அவள் தம்பி கப்பலில் பொறியாளர். அடுத்தவள் நீதிமன்றத்தில் வழக்காடுகிறாள், வீட்டிலும் வழக்காடுகிறாள். கடைக்குட்டி இந்த ஆண்டு கணக்கில் தேறிவிட்டான்; அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை. இவர்களெல்லாம் யாருடைய பேரப்பிள்ளைகள்? குழந்தைகளுக்குக் கதை எழுதியே கண்மூடிய என் கணவருடைய பேரப்பிள்ளைகள்!

"கழுதைக் கதை சொல்லுங்க பாட்டி!" என்கிறது ஒரு குரல். சொல்கிறேன் கண்ணு. அதற்காகத்தான் வந்தேன்.

அவர் கதையில் வரும், இடி இடித்தால் மேசைக்கு அடியில் ஒளியும் அந்தக் கழுதையை அறியாதார் உண்டோ? என் இளைய மகனைப் பார்த்து எழுதியது என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அவன் இன்று மின்கம்பம் ஏறுகிறவன். புயலில் அறுந்த கம்பியைப் புயலிலேயே கட்டுகிறவன். அவன் உச்சியில் இருக்கும்போது கூட வேலை பார்ப்பவர்கள் கீழிருந்து கேட்கிறார்கள்: "என்ன கழுதை, மேசை ஒண்ணு போடவா?" கல்யாணத்தன்று மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை, மழை வர்ற மாதிரி இருக்கு. உள்ள போயிடுறீங்களா?"

ஒளிந்தவர் யார்? ஒடுங்கியவர் யார்? ஓசை கேட்டு உறைந்தவர் யார்? உங்கள் எழுத்தாளர்! என் வீட்டுக்காரர்! சின்னஞ்சிறு பிள்ளை அவரோடு மேசைக்கு அடியில் நுழைந்து, "நான் இருக்கேன்லப்பா, கையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேசைமேல் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்ததும் கேட்டேன்: "பயந்தது நீங்க, பேரு பிள்ளைக்கா?"

"பயந்த அப்பாவை எந்தப் பிள்ளை படிக்கும்? கழுதைன்னா படிக்கும்" என்றார்.

மகன் ஒருநாளும் மறுத்ததில்லை. "அப்பா பேரு கெட்டுடும்மா, விடுங்க" என்பான். எந்த விழாவிலும் கடைசி வரிசைதான். அதோ, எழுந்து நின்று, "அம்மா, போதும், இறங்குங்க" என்கிறான். இறங்க மாட்டேன். அவர் போய்ப் பத்தாண்டு ஆயிற்று. இனி எந்த இடியும் அவருக்குக் கேட்காது. உனக்குத்தான் இன்னும் இடித்துக்கொண்டே இருக்கிறது.

அவர் பேர் கெடுமா? அஞ்சியவர் எழுதியதால்தானே அஞ்சிய குழந்தைகளெல்லாம் அணைத்துக்கொண்டு படித்தார்கள்! பயம் அவருடையது. பக்கத்திலிருந்த துணிவு இவனுடையது. கதையில் அந்தக் கழுதைக்குத் துணை ஒருவரும் இல்லை. வீட்டில் இருந்தான்! என் மகன் இருந்தான்!

மேலே வாப்பா. வழி விடுங்கள், தாய்மார்களே. கம்பம் ஏறுகிறவனுக்கு மேடைப் படி பெரிதா?

பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்டவருக்கும் நன்றி. புகைப்படக்காரரே, இவன் என் பக்கத்தில் வந்து நின்றதும் ஒன்று எடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது கழுதையின் படம்தான். இந்தப் புதுப் படத்தைத் தபாலில் அனுப்பிவையுங்கள். மடங்காமல் உள்ளே ஓர் அட்டை வைத்து. வருகிறேன், வணக்கம்.