மூணாவது டிஸ்க்

— பச்சை விளக்கு எரிஞ்சா பயமே இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?

— சொன்னேன் மேடம். விளக்கும் எரிஞ்சுது, பேக்கப்பும் தினம் ஓடுச்சு. ஆனா அந்த டிஸ்க்கை சர்வர்லயே சொருகி வச்சிருந்தீங்க. காலையில கரண்ட் எகிறினப்போ ரெண்டும் சேர்ந்தே போயிடுச்சு. மோந்து பாருங்க, கருகின வாடை.

— டேய் தம்பி, மரம் மாதிரி நிக்காதடா. ஏதாவது சொல்லு.

— என்னத்தக்கா சொல்றது?

— வியாழக்கிழமைதானே முகாம் டாக்டர்கிட்டேருந்து வந்துச்சு அந்த மெயிலெல்லாம்! பதினேழு பிள்ளைங்களோட கால் அளவு சார். அச்சு இன்னைக்கே வார்க்கணும். நாங்க சட்டை தைக்கலை, கால் செய்யறோம். ஒரு நூல் தப்பினாலும் பிள்ளைக்குப் புண்ணாயிடும்.

— டாக்டர்கிட்ட இன்னொரு தடவை அனுப்பச் சொல்லலாமே மேடம்?

— விடிஞ்சதுலேருந்து மூணு தடவை பேசிட்டேன். அனுப்பினதும் அவங்க மெஷின்ல அழிச்சிடுவாங்களாம். அளவெடுக்கற மெஷினும் ஊருக்குப் போயாச்சாம், திருப்பி எடுக்கணும்னா அடுத்த வருஷ முகாம்தானாம். மலை மேலேருந்து, கக்கத்துல கட்டையை இடுக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்த பிள்ளைங்க. எந்த முகத்தை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு சொல்றது?

— டிஸ்க்கை லேப்புக்கு அனுப்பி உள்ள இருக்கறதை மீட்டுப் பாக்கலாம். மூணு வாரம் ஆகும். வந்தே தீரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

— மூணு வாரமா? நாளன்னிக்குப் போட்டுப் பாக்கணும் சார்!

— பாருங்க மேடம், குத்திக் காட்டறேன்னு நினைக்காதீங்க. சர்வர் வச்ச அன்னைக்கே சொன்னேன். இன்னொரு டிஸ்க் வாங்குங்க, வாரம் ஒருக்கா மாத்துங்க, ஒண்ணு எப்பவும் வீட்டுல இருக்கட்டும், மாசத்துக்கு ஒரு தடவை நாலு மெயிலையாவது திறந்து பாத்துடுங்கன்னு. எழுதிக்கூட ஒட்டினேன்.

— ஒட்டினீங்க. அது மேலயே காலண்டரை மாட்டினவ நான்தான். என்னைச் சொல்லணும்.

— அழாதக்கா.

— அழலைடா. பேசாம பட்டறையை மூடிடலாம். அந்தப் பிள்ளைங்க பேரு எனக்குத் தெரியும், மூஞ்சி தெரியும், அளவு மட்டும் தெரியலை பாரு. நீ ஒருத்தன் கூட இருக்கேங்கற தைரியத்துலதான்டா இத்தனை வருஷம் ஓட்டினேன்.

— அப்படியெல்லாம் சொல்லாதக்கா.

— உண்மையைத்தானேடா சொல்றேன்.

— அக்கா... என் வீட்டுல ஒரு டிஸ்க் இருக்கு.

— என்ன டிஸ்க்?

— வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கிளம்பினப்புறம் எடுத்தேன். நம்ம மெயில் மொத்தமும்.

— அட படுபாவி! காலையிலேருந்து செத்துச் செத்துப் பொழைக்கிறேன், இதை இப்பதான் வாயைத் திறந்து சொல்றியா? என் ராசா! சார், இருக்காம் சார்! என் தம்பி எடுத்து வச்சிருக்கான் சார்!

— கொஞ்சம் பொறுங்க மேடம். எடுத்து வச்சிருக்கேன்னு நிறையப் பேர் சொல்வாங்க, திறந்தா வெறும் டப்பாவா இருக்கும். தம்பி, அது திறக்குதா?

— திறக்குது சார்.

— வியாழக்கிழமை மெயில்?

— பதினேழும் இருக்கு. படம்கூடத் தெளிவா வருது.

— சரி, போய் எடுத்துட்டு வாங்க. புதுப் பெட்டியில ஏத்திடறேன்.

— ஓடுடா! வண்டிச் சாவி மேசை மேல இருக்கு. ஏன்டா நிக்கிறே?

— அக்கா, நீ வேற யார் மூலமாவது கேள்விப்படறதுக்கு முன்னாடி...

— எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நல்லா திறந்து பாத்தேல்ல நீ? கண்ணால பாத்தியா?

— மூணு நாளா அதைத்தான்க்கா திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுல இருக்கற அத்தனை ஆஸ்பத்திரிக்கும் எழுதியாச்சு, அடுத்த மாசம் நான் தனியா பட்டறை போடறேன், இனிமே என்கிட்ட அனுப்புங்கன்னு.