ரங்கநாயகி அவென்யூவுக்குப் போற வேன்

இல்லீங்க தம்பி, ஜன்னலோரத்த நீங்களே வெச்சுக்கோங்க. நான் இப்படியே ஒக்காந்துக்கறேன். அந்தக் கண்ணாடிய மட்டும் சாத்திப்போடுங்க. கணபதி ஏரியா தாண்டற வரைக்கும் தொறக்கவே கூடாது, அத்தனையும் இரும்பு உருக்கற பவுண்டரிப் பொகை. சைட்டு பாக்கப் போற வழியிலயே நெஞ்சக் கெடுத்துக்கோணுமா?

இத்தனை சீட்டு காலியாக் கெடக்கறப்ப இந்தக் கெழவன் ஏன் நம்மகிட்ட வந்து ஒட்டறான்னு பாக்கறீங்க. சும்மாதானுங்க. நாயம் பேசாம எனக்குப் பொழுது போவாது. பேரு மாரப்பன். மில்லுல பஞ்சு சிக்கெடுக்கற கார்டிங்ல இருந்தேன். மில்லச் சாத்திப்போட்டு ரெண்டு வருசமாச்சு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். டவுனுக்கு வெளிய ஒரு சைட்டு பாருப்பான்னு உசுர எடுக்கறான். அதுக்குத்தான் இந்த வேன்ல ஏறினது.

நீங்க? சசிதருங்களா. எங்க வேலை? பேங்க்ல. சரி, சரி. எதுக்குக் கேக்கறேன்னா, இந்த மாதிரி ஓசி வேன்ல கம்பெனிக்காரங்களே ஒராள ஏத்திவுடுவாங்க. பாத்தா மாப்பிள்ளையாட்டம் இருப்பான். நான் ரெண்டு சைட்டுக்கு அட்வான்ஸ் போட்டுட்டேனுங்க, நீங்களும் வெசையாப் போட்டுருங்கன்னு காதுல ஓதிட்டே வருவான். உங்களச் சொல்லலீங்க. சோளக்காட்டுல எறங்கறதுக்கு எதுக்கு பாலீஷ் போட்ட ஷூவுன்னு ஒரு யோசனை, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் யோசனைதானுங்க. இது ஆடி மாசம். ஆடியில எவனாச்சும் நெலத்துக்கு வெல பேசுவானா? ஆடியில சைட்டு வேன்ல ஏர்றவன் ஒண்ணு வாங்கற எண்ணமே இல்லாதவனா இருக்கோணும், இல்லாட்டி வேவு பாக்க வந்தவனா இருக்கோணும்.

என்னையவா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் இப்பப் பாத்து வெச்சுக்கிட்டு ஆவணில முடிக்கலாம்னு. கெழவனுக்கு வேற என்ன சோலி?

என்னது? அங்க காத்து எப்படி இருக்கும்ங்களா? தம்பி, இதென்னங்க கேள்வி? கோயமுத்தூர்க்காரன் நெலம் பாக்கப் போனா மொதல்ல தண்ணியக் கேப்பான். சிறுவாணி வருமா, போர் போட்டா உப்பு அடிக்குமான்னு கேப்பான். அப்பறம் பஸ்ஸு. அப்பறம் பள்ளிக்கொடம். காத்தப் பத்தி இந்த வேன்ல இன்னி வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. யாரு கேக்கச் சொன்னாங்க உங்கள? வரதராஜுலுவத் தெரியுமா? மேனேஜருங்க, சைட்டுல தொப்பி போட்டுட்டு நிப்பான். தெரியாதுங்கறீங்க. சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம்.

அவனுக்கு இப்பல்லாம் எல்லார் மேலயும் ஒரு கண்ணு. போன வாரம் நம்ம டிரைவர் ஜபருல்லாவ ஓரமாக் கூப்பிட்டு, ஏம்ப்பா, உன்ற வேன்ல வர்றவங்க எல்லாரும் ஏன் இப்படி இருமறாங்கன்னு கேட்டிருக்கறான். டவுன்ல இருக்கறவங்க இருமாம என்ன சார் பண்ணுவாங்க, அதுக்குத்தான உங்க சைட்டத் தேடி வர்றாங்கன்னு இவன் சொல்லிப்போட்டானாம். கெட்டிக்காரன். மேனேஜர் திரும்பிப் போயிட்டான். ஆனா சந்தேகம் போச்சான்னா, போயிருக்காது. அடுத்த வாரமே ஆளு அனுப்பிப் பாப்பான்னு நெனச்சேன். இந்த வாரம் நீங்க ஏறியிருக்கறீங்க.

அட, கோவிச்சுக்காதீங்க. எங்க குடியிருக்கறீங்க? ராஜவீதிக்குப் பின்னால காம்பவுண்டு ஊடு. அக்ஷிதான்னு ஒரு பொண்ணு. வெளிய வந்தா சாக்கடை, மேல போனா மொட்டை மாடிய ஊட்டுக்காரங்க பூட்டி வெச்சிருக்கறாங்க. வெளையாட எடமில்லை. டவுனுக்குள்ளயே ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு போர்ஷன் பாக்கறதா, இல்ல ஒரேயடியா வெளிய போயிடறதான்னு ரோசனை. அப்படித்தானுங்களே? எங்கிட்டக் கேட்டுட்டீங்க, ரெண்டையும் சொல்லிப்போடறேன்.

ரேஸ்கோர்ஸ்ல மரம் இருக்குது, நெழலு இருக்குது, காலையில தொப்பையெல்லாம் வெள்ளை டிரவுசர் போட்டுட்டு சுத்தி வருது. ஒரு நா வெடியால நானும் போனேன். ஒரு பங்களா வாசல்ல வாட்ச்மேன் நிறுத்திப்போட்டான். இங்க என்ன வேலைன்னான். வேலையில்லீங்க, நடக்க வந்தோம்னேன். எங்க நடந்து போறீங்கன்னான். எங்கயும் இல்லீங்க, சும்மா நடக்கறோம்னேன். அதுதான் குத்தமாப் போச்சு. வேலைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பான். வேட்டி கட்டினவன் சும்மா நடந்தா அவனுக்குத் திருடன். அன்னைக்குத் திரும்பினவங்கதான், அப்பறம் அந்தப் பக்கம் போவல.

நாங்களா? நாங்கன்னா சொன்னேன்? நான்தானுங்க. பேச்சுவாக்குல வந்திருக்கும்.

முப்பது வருசத்துக்கு முன்னாடியே இதுக்கு ஒரு நோட்டீஸ் அடிச்சவனுங்க நான். எட்டு மணி நேரம் வேலைன்னு சட்டம் இருக்குது, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு மணி நேரத்துக்கு எங்களுக்கு எடம் எங்கேன்னு கேட்டு எழுதினேன். லைன் ஊட்டுக்குள்ள ஆறு பேரு படுத்திருக்கறோம், ஒக்காந்து மூச்சு வுட ஒரு மைதானம் வேணும்னு எழுதினேன். சங்கத்துல படிச்சவங்க சிரிச்சாங்க. போனஸக் கேக்கறத வுட்டுப்போட்டு மாரப்பன் காத்தக் கேக்கறான்னு. அன்னைக்கு எச்சாச் சிரிச்ச தலைவரு இன்னைக்கு வடவள்ளில தென்னந்தோப்போட இருக்கறாரு. மலைக்காத்து நேராப் படுக்கை வரைக்கும் வருதாம். வரட்டும். போஸ்டருக்குப் பசை காய்ச்சினவன் நானு, மில்லு கேட்டுல அடி வாங்கினவன் நானு, காத்து அவருக்கு.

வெளிய போனா நல்லாருக்குமேன்னு கேக்கறீங்க. வெளிய இருந்துதானுங்க நாங்க டவுனுக்கு வந்ததே. இப்பப் போறமே, இதே பக்கத்துலதான் எங்கப்பன் பண்ணையத்துல இருந்தாரு. காத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்லை. ஆனா எங்க ஆளுங்க செருப்புப் போட்டுட்டு ஊருக்குள்ள நடக்க முடியாது. அதுக்காகத்தான் மில்லுக்கு ஓடியாந்தேன். செருப்பு கெடைச்சுது, காத்துப் போச்சு. சாமீன்னு ஒருத்தனக் கூப்பிடறதையும் அன்னைக்கே நிறுத்திப்போட்டேன். உங்களைத் தம்பீன்னு கூப்பிடறனே, வருத்தமில்லீங்களே?

சரி, இந்த ரங்கநாயகி அவென்யூவுக்கு வாங்க. பிளான்ல நடுவுல பச்சையடிச்சு, பூங்கான்னு எழுதி, ஊஞ்சலு, சறுக்கு, பக்கத்துல ஒரு மயிலு கூட வரைஞ்சிருப்பான். அதப் பாத்துத்தான நீங்க மயங்கினது? நேர்ல ஒரு வேப்பமரமும் நாலு எல்லைக்கல்லுந்தான். அந்தக் கல்லும் நின்ன எடத்துல நிக்கறதில்லை. போன மாசம் மரத்துக்கு அக்கட்ட இருந்துது, இப்ப மரத்த ஒட்டி வந்துருச்சு. ஏனுங்க, கல்லு நடந்து போச்சான்னு வரதராஜுலுவக் கேட்டேன். சர்வேயில சின்னத் திருத்தம்னான். நீங்க ஊடு கட்டிக் குடி வர்றதுக்குள்ள அந்தப் பூங்கா ஒரு ஊஞ்சக்கயிறு அளவுக்கு வந்துரும். பாப்பா கயித்தப் புடிச்சுட்டு நிக்க வேண்டியதுதான். இதுல தண்ணியும் உப்பு.

நான் எத்தனை தடவ போயிருக்கறேன்னா? ஒரு... நாலஞ்சு தடவ இருக்கும். சைட்டுன்னா சும்மாங்களா, பத்து தடவ பாத்துத்தான் முடிக்கோணும்.

சித்த இருங்க. ஒண்ணுமில்லை, முன் சீட்டுல அந்தம்மா இருமுது. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? யாரோ எவரோ, தானா நின்னுரும். கணபதியில எவனோ ஜன்னலத் தொறந்திருப்பான். தண்ணி பாட்டிலுங்களா? சரி, குடுத்துட்டு வாங்க. மெதுவா, வேன் ஆடுது.

வந்துட்டீங்களா. ஒக்காருங்க.

தம்பி. பாப்பாவுக்கு எத்தனை வயசுல இருந்து இளைப்பு?

நீங்க சொல்லலீங்க. நான் பாத்துட்டுத்தான இருந்தேன். அந்தம்மா இருமறப்ப எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க, இல்லாட்டி அக்கட்ட திரும்பிக்குவாங்க. நீங்க தோளப் பாத்தீங்க. மூச்ச இழுக்கறப்ப தோளு மேல ஏறுதா, கழுத்துக்குழி உள்ள போவுதான்னு பாத்தீங்க. அது அடங்கற வரைக்கும் உங்க மூச்சையும் புடிச்சுட்டு நின்னீங்க. ஊட்ல இளைப்புக்காரங்கள வெச்சிருக்கறவனுக்குத்தான் தோளப் பாக்கத் தெரியும். வேவு பாக்க வந்தவனுக்கு அது வராது. ஆடியாவது ஆவணியாவது, புள்ளைக்கு மூச்சு வந்தாப் போதும்னு ஏறியிருக்கறீங்க. என்னை மன்னிச்சுக்கோங்க.

சரவணம்பட்டி தாண்டிருச்சு. இப்பத் தொறங்க கண்ணாடிய. நல்லாத் தொறங்க. பாத்தீங்களா? பாலக்காட்டுப் பக்கமிருந்து நேரா வருது, குறுக்க ஒரு செவுரு கெடையாது. வருசத்துலயே இந்த ஆடிக் காத்துக்கு ஈடு இல்லீங்க.

அதா, பின்னால பாக்காம கேளுங்க. பின் சீட்டுல தூங்கற மாதிரி சாஞ்சிருக்கறவரு அரங்கசாமி, ப்ளோரூம்ல பஞ்சுப் பேலு ஒடைச்சவரு. அந்தப் பச்சைச் சேலை ஜன்னத் அக்கா, நூல் சுத்தற ரீலிங்ல இருந்தவங்க. மூலையில குடையோட ஒக்காந்திருக்கறவரு சென்னிமலை, எங்கூட கார்டிங். டிரைவருங்கூட எங்க மில்லுக்காரன் மகன்தான். இந்த வேன்ல எனக்குத் தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதானுங்க. அதனாலதான் பக்கத்துல வந்து ஒக்காந்தேன்.

பஞ்சு உள்ள போயிருச்சுங்க, எல்லாருக்கும். டாக்டரு மருந்தும் எழுதினாரு, வெளிய நல்ல காத்துல கொஞ்சம் நடங்கன்னும் எழுதினாரு. எங்க போய் நடக்கறது? பேப்பர்ல இந்த விளம்பரம் வந்துது. ஞாயித்துக்கெழமை இலவச வேன், மதியம் தக்காளிச் சாதம். சங்கம் போச்சு, மில்லு போச்சு, ஆளுகள ஒட்டுக்காச் சேத்தறது மட்டும் எனக்கு மறக்கலை. வாரம் இத்தனை பேருன்னு பிரிச்சு ஏத்தறேன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி ஏறி, தெரியாத மாதிரி எறங்கி, சைட்டுல ஆளுக்கொரு மூலைக்கு நடந்து, மரத்தடியில சாப்பிட்டு, பொழுதோட திரும்பிருவோம். சைட்டுங்களா? என்னால எங்கீங்க வாங்க முடியும்? பையன் திருப்பூர்ல இருக்கறது நெசம். சைட்டு பாக்கச் சொன்னது பொய்.

மொதல்ல பல்லடம் ரோட்டுல ஒரு கம்பெனி வேன் வந்துட்டு இருந்துது. சைட்டெல்லாம் வித்துத் தீந்துது, நிறுத்திப்போட்டாங்க. அவிநாசிப் பக்கம் ஒண்ணு, அதுவும் தீந்துது. இப்ப இது ஒண்ணுதான். வித்துப்போச்சுன்னா வேன் நிக்கும். அதனாலதான் நெசமாலுமே வாங்க வர்றவன் எவனாச்சும் ஏறினா நான் பக்கத்துல ஒக்காந்துக்கறது. ஒருத்தனுக்குத் தண்ணியச் சொல்லுவேன், ஒருத்தனுக்குப் பட்டா வில்லங்கம்பேன், உங்களுக்குப் பூங்காவச் சொன்னேன். கல்லு நகர்றது நெசந்தானுங்க. அதுக்கு வேணா ஒரு நாள் நோட்டீஸ் அடிக்கோணும். ஆனா காத்து பொய்யில்லை. நீங்க மட்டுந்தான் அதக் கேட்டீங்க, உங்ககிட்ட மறைச்சா நான் மனுசனே இல்லை.

வாங்கறதா வேண்டாமான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. உங்க பாப்பா மூச்சு ஒரு பக்கம், இந்த வேன்ல இருக்கறவங்க மூச்சு ஒரு பக்கம். முப்பது வருசம் கேட்டுல நின்னு பேசினவன் நான், எந்தப் பக்கம் பேசறதுன்னு ஒரு நாளும் நின்னு யோசிச்சதில்லை. இன்னைக்கு வாயே வர மாட்டேங்குது. அடுத்த ஞாயித்துக்கெழமை பாப்பாவக் கூட்டிட்டு வாங்க. மொதல்ல அது வேப்பமரத்தடியில ஓடிப் பாக்கட்டும். அப்பறம் உங்க இஷ்டம்.

அதா தொப்பி தெரியுது. கையக் கட்டிட்டு எங்களையே பாத்துட்டு நிக்கறான் பாருங்க. எறங்கின பொறவு நீங்க யாரோ நான் யாரோ. தண்ணி உப்பான்னு சத்தமா ஒருக்காக் கேட்டு வைங்க, சந்தேகப்பட மாட்டான்.

தம்பி, இன்னொண்ணு. அந்த முன் சீட்டு அம்மாவ நீங்க சித்த கையப் புடிச்சு எறக்கிவுடுங்க. படி ஒசரம். நான் புடிச்சா அவன் கண்டுபுடிச்சுருவான்.

எங்கூட்டுக்காரிதானுங்க. மாசாணியம்மா. எடது கையப் புடிங்க, வலது தோளு அவளுக்கு வலிக்கும். அந்த மரம் வரைக்கும் போதும். அப்பறம் அவளே நடந்துக்குவா.