துரும்பு கிள்ளிய பிறகு

வக்கீலம்மா வரலட்சுமிக்கு நான் பதினைந்து ரூபாய் தர வேண்டும். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் டீ வாங்கிக் கொடுத்தார். என்னிடம் சில்லறை இல்லை. "அடுத்த தடவை பார்க்கறப்பக் குடுங்கண்ணா" என்றார்.

என் பேர் கதிர்வேல். சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். கூலிக்காரனுக்குக் காசில்லாமல் வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று தறிக்குடோனில் சொன்னார்கள். பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய்ச் சட்ட உதவி மையத்தில் கேட்டேன். மயிலாத்தாள் விவாகரத்து மனுப் போட்டிருந்தாள். இருபது வருசம் என்னோடு இருந்தவள். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். இதை நானே எழுத முடிவது அதனால்தான்.

மனுவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடித்ததாகப் போட்டிருந்தாள். அது உண்மை. கை முறிந்ததும் உண்மை. ஆனால் பொண்டாட்டி என்பதால் பாதி பலத்தில்தான் அடித்தேன். வக்கீலம்மாவிடமும் இதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதை ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிப்போடாதீங்கண்ணா."

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக அவர்தான் பேசி முடித்தார். நல்ல மனுசி. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன், டீயைக் கையில் வைத்துக்கொண்டு.

"தீர்ந்துதுங்கண்ணா. இனி நீங்க ஆரோ, அவங்க ஆரோ. அந்தப் பக்கமே போயிராதீங்க."

எனக்குத் தீர்ந்ததாகத் தோன்றவில்லை. எங்கள் சனத்தில் கட்டியவனும் கட்டிக்கொண்டவளும் நேருக்கு நேர் நின்று துரும்பு கிள்ளிப் போட்டால்தான் உறவு அறும். கோர்ட்டில் யாரும் துரும்பு கிள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குடியிருந்த ரூமுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஏனுங்க, இங்க எதுக்கு வந்தீங்க?"

"துரும்பு கிள்ளோணும்."

சிரித்துவிட்டாள். "கோர்ட்டுச் சீல் பத்தலையாக்கும் உங்களுக்கு? கிள்ளிப்போட்டா அதோட உட்டுருவீங்களா?"

"உட்டுருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கதவை முழுதாகத் திறந்தாள். சீமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை அவளே உருவினாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். சத்தமில்லாமல் முறிந்தது. அவள் பங்கை ஜன்னல் வழியாக வீசினாள். "சோறு கொதிக்குது, போயிட்டு வாங்க" என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

தறி முடுக்குகிற ஸ்பேனர் இடுப்பில் இருந்தது. காலையிலேயே எடுத்துச் செருகியிருந்தேன். இனிமேல் பாதி பலத்தோடு நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பின்மண்டையில் முதல் அடி. சுருண்டு விழுந்தாள். அதற்குப் பிறகு முகத்தில். இன்னார் முகம் என்று தெரியாமல் போகும்வரை அடித்தேன். சோறு பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, 'மனைவியைக் கொன்றான்' என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். என் பொண்டாட்டியை நான் கொல்லவில்லை. கொல்கிறவனாக இருந்தால் இருபது வருசத்தில் எத்தனையோ முறை கொன்றிருக்கலாம். துரும்பு முறிந்த பிறகுதான் கை ஓங்கினேன்.

என் சட்டைப் பையில் இருபது ரூபாய் நோட்டு இருந்தது. ரத்தம் பட்டிருக்கும், கழுவி வக்கீலம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மீதி வேண்டாம். அத்தோடு அவருக்கும் எனக்கும் தீர்ந்தது.