வெயில் காலத்து ஜலதோஷம்

நான் நம்பலைண்ணே. மூஞ்சிக்கு நேரா சொல்றேனேன்னு கோச்சுக்காதீங்க. நீங்க சொல்ற அந்தக் கதைய இத்தனை வருஷமா நான் நம்பவே இல்ல. எந்தக் கதையா? அதான், உங்க கடைலேர்ந்து அடுப்பு ரிப்பேருக்கு ஏன் எப்பவும் ரெண்டு பேரா வர்றாங்கன்னு யாராச்சும் கேட்டா சொல்வீங்களே, அது. ஒரு காலத்துல தனியாத்தான் போய்ட்டிருந்தீங்க. ஒரு வீட்ல அடுப்பைப் பிரிச்சு மாட்டிட்டு, எல்லாம் சரியா இருக்கும்மான்னு சொல்லிட்டு எறங்கிட்டீங்க. தெருமுனைகூடத் தாண்டல, அந்தம்மா செருப்பு போடாம ஓடி வந்து, வீடு பூரா கேஸ் வாடைன்னு கத்துறாங்க. உங்களுக்கு அன்னிக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு, அதான் தெரியல. அன்னிலேர்ந்து ரெண்டு பேர். இதானே?

ஒரு தடவை சொன்னப்போ மழைக்காலம்னீங்க. அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நின்னு சொன்னப்போ வேர்த்துக் கொட்டுற வெயில்னீங்க. வெயில் காலத்துல என்னண்ணே ஜலதோஷம்னு நான்தான் கேட்டேன். கடையே சிரிச்சுது. நீங்க சிரிக்கல. அதுக்கப்புறம் என்னை எதிர்ல பாத்தாலும் வண்டிய நிறுத்துறதில்ல நீங்க.

இல்லல்ல, சண்டைக்கு வரலண்ணே. வேலை கேட்டு வந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. நெஜமாத்தான். இந்தா ஒக்காந்துட்டேன். பை இங்கயே இருக்கட்டும்ணே, மேஜை மேல. கீழ வெச்சா போறப்ப மறந்துடுவேன். டீயா? சொல்லுங்க, குடிப்போம். எனக்கு எந்த டீயும் ஒண்ணுதான் இப்பல்லாம்.

வேலைக்கென்ன குறைச்சல், தெனம் போன் வந்துட்டுத்தான் இருக்கு. கடனா? அய்யோ, அதெல்லாம் இல்ல. வீட்ல சண்டையா? சண்டை போடற அளவுக்கு அவ என்னை மதிக்கிறதில்லண்ணே. சும்மா சொன்னேன், தங்கமான பொம்பளை. முட்டி கொஞ்சம் வலிக்குது, மாடிப்படி ஏறினா. அதான்னு வெச்சுக்குங்களேன். தைலமா? சரி, தேய்ச்சுப் பாக்குறேன். நான் என் இஷ்டத்துக்கு எழுந்து என் இஷ்டத்துக்குப் போறவன், ஒருத்தன்கிட்ட கைகட்டி நின்னதில்ல, உங்களுக்கே தெரியும். இப்ப நிக்கிறேன்னா... சம்பளத்தைப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன். சட்டையில கடை பேர் போட்டுக்கச் சொன்னாலும் போட்டுக்குறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். என்னைத் தனியா அனுப்பக்கூடாது. கூட யாரு வந்தாலும் சரி. வேலை தெரியாத ஆளா இருந்தாலும் பரவால்ல, தூங்குமூஞ்சியா இருந்தாலும் பரவால்ல. உங்ககூட வர்ற உங்க மச்சான் மாதிரி ஒருத்தர் இருந்தாலே போதும்.

அவரைக் குறை சொல்லலண்ணே. இந்தா வர்றாரே. ஏன் என்னை அப்படிப் பாத்துட்டுப் போறாரு? மூஞ்சிய வேற சுளிக்கிறாரு. குளிச்சிட்டுத்தான் வந்தேன்.

சரி, சொல்றேன். கேட்டுட்டு வெளிய போடான்னு சொல்லிடாதீங்க. முழுசாக் கேளுங்க.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. பெருசா ஒண்ணுமில்ல, படுத்தேன், எந்திரிச்சேன். ஒருநாள் கூடத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கேன். அவ கொல்லப்பக்கம் துணி காயப்போட்டுட்டு உள்ள ஓடி வந்து கத்துறா. ஏங்க, பால் கருகிப் பாத்திரமே போச்சு, பக்கத்துலயே ஒக்காந்துட்டிருக்கீங்களே, கல்லா நீங்கன்னு. பாத்தேன், பொகை மண்டிட்டிருக்கு. பொகை தெரியுது. வாடை தெரியல. பேப்பர்ல மூழ்கிட்டேன்டின்னு சொன்னேன். அன்னிக்கு அவ குளிக்கப் போனதும் வீட்ல இருக்கற ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தேன். சோப்பு, வெங்காயம், பினாயிலு. கடைசில என் சாக்ஸைக் கழட்டி மூக்குல வெச்சு இழுத்துட்டிருக்கேன், அவ தலையத் துவட்டிட்டே வந்து நின்னு பாக்குறா. என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, துவைக்கணுமான்னு பாத்தேன்டின்னேன்.

வாடை ஒண்ணும் வரலண்ணே. எதுவுமே வரல. டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும்னாரு. அதுக்கு ஒரு டாக்டரு!

அவளுக்குச் சொல்லல. யாருக்குமே சொல்லல. கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்றவனுக்கு மூக்கு போச்சுன்னு எப்படிண்ணே வெளிய சொல்றது? எல்லாத்தையும் மாட்டி முடிச்சிட்டுக் கடைசியா குனிஞ்சு ஒரு இழு இழுத்துப் பாத்துட்டுத்தானே லைட்டரைக் கையில எடுக்குறோம். சோப்பு நுரை இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. தெரியும், தடவுறேன். நுரை நாம தடவுன எடத்துலதான் பொங்கும். தடவாத எடத்தை யாரு சொல்றது?

ஆரம்பத்துல சமாளிச்சேன். முடிச்சதும் வீட்டு ஆளுங்களைக் கூப்பிடுவேன். அம்மா, நீங்களே வந்து ஒரு தடவை பாத்துக்குங்க, உங்க திருப்திக்குன்னு. வந்து குனிவாங்க. நான் அடுப்பைப் பாக்கமாட்டேன், அவங்க மூஞ்சிய பாப்பேன். மூக்கு விடைக்குதா, புருவம் நெளியுதான்னு. எவ்வளவு மரியாதையான மெக்கானிக்குன்னு என்னைப் பத்திப் பேசிக்கிட்டாங்களாம். பயத்துக்கு மரியாதைன்னு பேரு வெச்சுட்டாங்க பாருங்க.

அப்புறம் ஒரு வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. முடிச்சிட்டு வழக்கம்போலக் கூப்பிட்டா, அந்தம்மா கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, வீட்ல எல்லாருக்கும் சளின்னாங்க. எட்டிப் பாக்குறேன், ஹால்ல வரிசையா ஒக்காந்து மூக்கை உறிஞ்சிட்டிருக்காங்க. அத்தனை மூக்கு இருந்தும் ஒண்ணும் உபயோகமில்ல. நுரை தடவிப் பாத்தேன், தொடச்சேன், திரும்பத் தடவுனேன். எவ்வளவு நேரம்தான் தடவுறது? கெளம்பி வெளிய வந்தேன். கால் எறங்கல. படியிலயே ஒக்காந்துட்டேன். உள்ள பாத்திரம் சத்தம் கேட்டா எழுந்து நிக்கிறேன். யாரோ சிரிச்சா, சரி, இன்னும் உசுரோட இருக்காங்கன்னு தோணுது. கொஞ்ச நேரத்துல ஸ்பேனரை விட்டுட்டேன்னு சொல்லி மறுபடி போனேன். அப்புறம் கண்ணாடியை விட்டுட்டேன்னேன். அந்தம்மா, என்னப்பா வீட்டையே விட்டுட்டுப் போவ போலிருக்கேன்னு சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். முதுகெல்லாம் வேர்த்து சட்டை ஒட்டிக்கிச்சு.

வீட்லயும் அப்படித்தாண்ணே. தூக்கத்துல முழிப்பு வந்துடும். எழுந்து போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பாப்பேன், மூடியிருக்கான்னு. வந்து படுப்பேன். தொட்டப்போ கை பட்டு லேசாத் திரும்பியிருந்தா? மறுபடி எழுந்து போவேன். அவ பொறண்டு படுத்துக்கிட்டு, அடுப்பு என்ன ஓடியா போயிடும்னு கேக்குறா.

பின்னாடி என்னவோ சத்தம் கேக்குது பாருங்க. உங்க மச்சான்தான் சிலிண்டரை நகத்துறாரு போல. கதவை வேற தெறக்குறாரு. ஸ்பேனர் தேடுறாரா? இருக்கும், இருக்கும்.

இந்த வேலையையே நிறுத்திடலாம்னு பாத்தேன். போன் வந்தா, நான் ஊர்ல இல்லம்மான்னு சொல்லுவேன். என் சம்சாரம் தோசைக்கரண்டியோட எதிர்ல நின்னு பாத்துட்டிருப்பா. இத்தனை வயசுக்கப்புறம் வேற என்னண்ணே தெரியும் எனக்கு? திரும்பப் போனேன். அந்த டீச்சரம்மா வீட்டுக்கு. உங்களுக்கும் தெரிஞ்சவங்கதான், வாசல்ல இரும்பு கேட் போட்ட வீடு. பர்னர் அடைப்பு, சின்ன வேலை. கழுவி மாட்டிட்டேன். டீச்சரம்மா குளிக்கறாங்க, வீட்ல வேற ஆள் இல்ல. வரட்டும்னு காத்திருந்திருக்கணும். காத்திருக்கல. தைரியமா இருடான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எதுக்கு அந்த தைரியம்? நுரை தடவுனேன், ஒண்ணும் பொங்கல. லைட்டரை எடுத்தேன். கட்டை விரலை வெச்சுட்டேண்ணே. அழுத்தப் போறேன்.

பத்த வைக்காதீங்கன்னு ஒரு சத்தம்.

ஈரத் தலையோட ஓடி வர்றாங்க. என் கையிலேர்ந்து லைட்டரைப் பிடுங்கி வெளிய வீசிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னலெல்லாம் தெறந்து விடுறாங்க. நான் நகரக்கூட இல்ல. டியூப்பு, சிலிண்டருக்குப் பின்னால மடங்கி இருந்த எடத்துல வெடிப்பு விட்டிருந்துச்சு. நான் கழுவுறதுக்காக அடுப்பை நகத்துனப்போ பிரிஞ்சிருக்கு. நான் தடவாத எடம். அவங்க மூச்சு வாங்கிட்டு என்னைப் பாத்தாங்க. இவ்வளவு வாடை அடிக்குதே, உங்களுக்கு வரலையான்னு கேட்டாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

ஜலதோஷம்மா, மூக்கடைப்புன்னேன். வெளிய வெயில் கொளுத்துது. வெயில் காலத்துல என்னங்க ஜலதோஷம்னு அவங்க கேட்டாங்கண்ணே. அதே வார்த்தை. என் வாயில வந்த அதே வார்த்தை.

தெருவுக்கு வந்து வண்டிய ஓட்ட முடியாம தள்ளிக்கிட்டே நடந்தேன். உங்க ஞாபகம்தான். அந்தப் பெரிய அப்பார்ட்மெண்ட்ல ஒரு தடவை நான் ஒரு வீட்லயும் நீங்க எதிர் வீட்லயும் வேலை பாத்தோமே, ரெண்டு கதவும் தெறந்திருந்துச்சு. நீங்க வேலைய முடிச்சிட்டு ஒதுங்கி நின்னீங்க. அதுவரைக்கும் சேர்ல சாஞ்சு அந்த வீட்டுப் பெரியவர்கிட்ட கதை அளந்துட்டிருந்த உங்க மச்சான் எழுந்து வந்து, குனிஞ்சு நிமிந்து, உங்களைப் பாத்து இல்லைன்னு தலையாட்டுனாரு. அப்புறம்தான் நீங்க லைட்டரை எடுத்தீங்க. அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். பொண்டாட்டிக்குப் பயந்துக்கிட்டு ஒண்ணும் தெரியாத மச்சானை வாலு மாதிரிக் கட்டிக்கிட்டுத் திரியறாரு, குனியறதுக்குக்கூட ஆள் வெச்சிருக்காரு பெரிய மொதலாளின்னு.

என்ன சொன்னீங்க? மூக்கில்லாதவனை வெச்சு எப்படிக் கடை நடத்துறதுன்னா?

முடியும்ணே. நீங்க நடத்திட்டுத்தானே இருக்கீங்க.

கோவப்படாதீங்க, ஒக்காருங்க. இந்தா மச்சானே வந்துட்டாரு. உங்க காதுல என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியும். பின்னாடி பாத்துட்டேன், எல்லா சிலிண்டரும் மூடித்தான் இருக்கு, ஆனா வாடை போகமாட்டேங்குதுன்னுதானே? நீங்க அவர் மூஞ்சிய பாக்குறீங்க. எங்கேர்ந்து வருதுன்னு அவரைக் கேக்குறீங்க. அவரைத்தான் கேக்குறீங்க பாருங்க.

அது கேஸ் இல்ல மச்சான், தேட வேணாம். பயப்படாதீங்க. இந்தப் பைதான். முட்டை. அழுகுன முட்டையை ஒடைச்சு டப்பாவுல ஊத்தி, மூடி போடாம வெச்சிருக்கேன். மொட்டை மாடியில வெயில்ல போட்டு வெச்சிருந்தேன். அழுகிடுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? துணி எடுக்கப் போன என் சம்சாரம் மூக்கைப் பொத்திட்டுக் கத்துனப்பதான் தயாராயிடுச்சுன்னு புரிஞ்சுது. பஸ்ல என் பக்கத்து சீட்ல ஒருத்தரும் ஒக்காரலண்ணே. நீங்க என்னடான்னா, உங்க மூக்குக்கு நேரா அதை வெச்சிருக்கேன், டீயை உறிஞ்சிக்கிட்டு முட்டிவலிக்குத் தைலம் சொல்றீங்க.

யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நான் யார்கிட்டண்ணே சொல்ல? எம்பேரும் சேந்துதானே வெளிய வரும். மெரட்டுறதுக்கு வரல, சத்தியமா. தெரிஞ்சுக்கணும்னு வந்தேன். என்னை மாதிரி இன்னொரு ஆள் இருக்காருன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. வேலை குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குடுத்தா மச்சான் மாதிரி ஒருத்தரைக் கூட அனுப்புங்க. நம்ம ரெண்டு பேரையும் மட்டும் ஒரு வீட்டுக்கு ஒண்ணா அனுப்பிடாதீங்க, தெருவே காலியாயிடும்.

சிரிச்சுட்டீங்களா? அப்பாடா.

எப்ப போச்சு, எப்படிப் போச்சுன்னெல்லாம் கேக்கலண்ணே. மழைக்காலமோ வெயில் காலமோ, போனது போச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அப்புறம் நான் இந்தப் பையைத் தூக்கிட்டுப் போய் எங்கயாச்சும் கொட்டிட்டு வந்துடுறேன். இத்தனை வருஷமாச்சே. நீங்க இன்னமும் தூக்கத்துல எழுந்து போய் அந்தத் திருகைத் தொட்டுப் பாக்குறீங்களாண்ணே?