மேட்டுத் தெருக் குழாயை உடைத்தது யார்

பெயர்: பணிப் பதிவேட்டில் உள்ளபடி, தெருவில் அழைப்பது வால்வுக்காரர். வயது: நாற்பத்தாறு. தொழில்: குடிநீர் ஏற்று நிலையத்தில் வால்வு இயக்குபவர். முகவரி: மேட்டுத் தெரு, படிக்கட்டு முடியும் இடத்தில் கடைசி வீடு.

மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். அவள் தினமும் நூற்றெழுபது படி குடம் சுமந்து ஏறுகிறாள். எங்கள் தெருவுக்குக் குழாய் போடத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு முறை கலவரத்தில் பம்பு அறை எரிந்தது. இரண்டு முறையும் வேலை எடுத்த கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. மூன்றாவது கம்பெனியின் இன்ஜினியர், "இன்னொரு கலவரத்துல ஏதாவது உடைஞ்சா நாங்களும் கிளம்பிடுவோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நேற்று சோதனை ஓட்டம் நடக்க வேண்டிய நாள். பகல் பதினொரு மணிக்குக் கடைவீதியில் கல்லெறி என்று தகவல் வந்ததும் இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு சுமார் நாற்பது பேர் பம்பு அறைக்கு வந்தார்கள். முன்னால் பெட்ரோல் கேனுடன் வந்தவன் தச்சு வேலை செய்யும் என் மச்சான், மனைவியின் உடன்பிறந்த தம்பி. "டேய், உங்க அக்கா தலையில இருக்கிற குடத்தை இறக்க வந்த பம்புடா இது!" என்று கத்தினேன். "ஒன்பது வருஷமா ஒரு சொட்டு வந்துச்சா? தள்ளுங்க மாமா" என்றான்.

தண்ணீரைக் கண்ணில் காட்டினால் நிற்பார்கள் என்று தோன்றியது. புதுக் குழாயில் தண்ணீர் விடும்போது வால்வைக் கால் சுற்றுதான் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறிய பிறகே மீதி, இல்லையென்றால் குழாய் தாங்காது. நானோ பம்பைப் போட்டு, வால்வை ஒரே மூச்சில் முழுவதும் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதிக்கொள்வீர்களோ தெரியாது, ஐயா. மண்ணுக்கு அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. முந்நூறு வீட்டுக் குழாயும் ஒன்றாக ஊதின. வெறும் காற்றுதான் என்று தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. வந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஊளை அடங்கியதும் பம்பு அறை வாசல் குழாய் செந்நிறமாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. மேலிருந்து ஒரு பெண், "அய்யோ, தண்ணி! மேல ஏறிடுச்சு!" என்று அலறினார். மச்சான் கேனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தண்ணீரில் நீட்டினான். கல் வைத்திருந்தவர்களும் கல்லைப் போட்டுவிட்டுக் கை ஏந்தினார்கள். அப்பேர்ப்பட்ட காட்சியை என் ஆயுளில் கண்டதில்லை.

நாலு நிமிடம் வந்தது. அதன் பிறகு படிக்கட்டு அடியில் குழாய் இணைப்பு வெடித்துத் தண்ணீர் நின்றது. அந்நேரம் போலீஸ் வந்து, குழாயை உடைத்ததாக மச்சானைப் பிடித்துச் சென்றது.

அவன் கொளுத்த வந்தது நிஜம், மறைக்கவில்லை. ஆனால் குழாயை உடைத்தது என் அவசரம். கலவரத்தில் உடைந்ததாக எழுதினால் கம்பெனி போய்விடும், இன்னொரு ஒன்பது வருடம் தொடங்கும். என் தவறு என்று எழுதினால் என் வேலை மட்டும் போகும். இணைப்பை ஒரே நாளில் மாற்றிவிடலாம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிச்சாச்சு சார், என் பேர்லயே எழுதுங்க" என்றேன்.

நேற்று எங்கள் வீட்டுக் குழாயில் என் மனைவி பிடித்த ஒரு குடம் தண்ணீர் அடுப்படியில் இருக்கிறது. அவள் இன்னும் அதில் கை வைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாட்சியத்துக்குத் தேவையென்றால் வந்து பார்க்கலாம். எடுத்துப் போக வேண்டாம்.

இதை முழுவதும் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)
வால்வுக்காரர்